அம்மாவுக்கு ஒரு ப்ரோக்ராம்

காற்றில்லாத மாலைகளில், துறைமுகத்தின் அந்தப் பக்கம் போர்ட் பிளேயரில் யாரோ ஒலிபெருக்கியைச் சரிபார்க்கும் சத்தம் பாம்பூஃப்ளாட்டில் எங்கள் வீட்டுச் சமையலறை வரை வந்துவிடும். "ஹலோ... ஏக், தோ, தீன்" என்பது தண்ணீர்மேல் தேய்ந்து தேய்ந்து, என்ன மொழி என்பதே தெரியாமல் வந்து சேரும், அங்கே ஏதோ நடக்கப்போகிறது என்பது மட்டும் புரியும். அப்பா உடனே வாசலுக்கு வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். மின்சார இலாகாவில் லைன்மேனாக இருந்த அவருக்கு மேடை என்றால் சீரியல் விளக்கு கட்டுகிற இடம், அவ்வளவுதான். அவர் காது கொடுத்ததெல்லாம் அம்மாவுக்காக.

அதற்கு முன்பு நாங்கள் கார் நிக்கோபார் தீவில் இருந்தோம். அங்கேதான் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். ஒரு வாரம்கூட இருக்கவில்லை. அவனைத் தென்னைகளுக்கு நடுவே அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு அம்மா அழுதாளா என்பது எனக்கு நினைவில்லை, பேச்சு குறைந்துபோனதுதான் நினைவிருக்கிறது. சோறு வடித்தாள், எனக்குத் தலை பின்னிவிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அதற்குமேல் ஒன்றுமில்லை. அவள் மதுரையில் வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்பு சாயங்காலமானால் ஆடி வீதிக் கச்சேரி, பட்டிமன்றம், நாடகம் என்று அக்கா தங்கைகளோடு கிளம்பிவிடுவாளாம். நாடகம்தான் அவளுக்கு உயிர். தம்பி பிறப்பதற்கு முன்பெல்லாம், தான் பார்த்த கோமாளி வேஷக்காரர்களைப் போலக் குரலை மாற்றிப் பேசிக்காட்டி என்னை வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பாள்.

"இந்தத் தீவுல பாக்கவும் கேக்கவும் ஒண்ணுமில்லாமத்தான் இவ இப்படி ஆயிட்டா" என்று அப்பா சொல்லத் தொடங்கினார். நடந்ததில் அவரால் சரிசெய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது. மாறுதல் கேட்டு அலைந்து வாங்கி, டவுனுக்குப் போனால் வாரத்துக்கு ஒரு "ப்ரோக்ராம்" பார்க்கலாம் என்று சொல்லி எங்களைக் கப்பலேற்றினார்.

அந்தத் தீவுகளில் நான் கேள்விப்பட்டிருந்த ஒரே பெரிய நகரம் போர்ட் பிளேயர். ஆனால் நகரத்துக்குள் குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. தண்ணீருக்கு இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்தோம். அப்பா காலை போட்டில் சாத்தம் ஜெட்டிக்குப் போய், சாயங்கால போட்டில் திரும்புவார். திரும்பும்போது ஜெட்டிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸையெல்லாம் படித்து, டீக்கடையில் விசாரித்து, ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப்போனதையும் ஞாபகம் வைத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அம்மாவிடம் ஒப்பிப்பார். அம்மா "சரி" என்பாள். போகலாமா என்றால் அதற்கும் "சரி"தான்.

போனோம். பெங்காலிகளின் பூஜைப் பந்தலில் ராஜா வேஷம் போட்ட ஒருவர் கத்தியை உருவிக்கொண்டு வந்த நேரம் அப்பா மணியைப் பார்த்தார். கடைசி போட்டைப் பிடிக்க ஓடினோம். மலையாளிகளின் ஓண விழாவில், தொடங்கிவைக்க வேண்டிய அதிகாரி நெடுநேரம் வந்து சேரவே இல்லை. மேடை விளக்கு எரிந்தபோது நாங்கள் ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு ராதாக்கா, கைதிகள் காலத்திலிருந்தே இங்கே இருக்கிற குடும்பத்தவள், மெயின்லேண்டையே பார்க்காதவள், அம்மாவைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "க்யா கரேகா தீதி, நம்ம டாப்புல இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்; தீவை அவள் டாப்பு என்றுதான் சொல்வாள்.

ஒரு நாள் அப்பா ஜெட்டியிலிருந்து ஏறக்குறைய ஓடியே வந்தார். சென்னையிலிருந்து ஒரு நாடகக் குழு கப்பலில் வருகிறது, தமிழ் நாடகம், முழுக்க முழுக்கச் சிரிப்பு நாடகம் என்றார். கடைசி போட் கவலையும் வேண்டாம். அவரோடு வேலை செய்த ஆறுமுகம் மாமா, மின்னி பேயில் இருந்த தன் குவார்ட்டர்ஸில் அன்றைக்குத் தங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அம்மா பெட்டியின் அடியிலிருந்து கல்யாணப் பட்டை எடுத்து வெயிலில் போட்டாள். அதைப் பார்த்துவிட்டு அப்பா அன்று முழுவதும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவர் பாடி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கப்பல் வந்தது, மழை பெய்யவில்லை, மின்சாரமும் நிற்கவில்லை. மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் எங்களுக்கு இடம் கிடைத்தது, நாடகம் சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்தது. மீசை கழன்று கழன்று விழுகிற ஒரு மாமனாரைப் பார்த்து மண்டபமே சிரித்து உருண்டது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கடைசித் திரை விழும்வரை உட்கார்ந்து, எல்லோரோடும் எழுந்து கைதட்டிவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை போட்டில் அப்பா கேட்டார்.

"நல்லா இருந்துச்சுல்ல, கோமதி?"

"நல்லாத்தான் இருந்துச்சு. நல்லா நடிச்சாங்க." அம்மா என் பின்னலைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "எனக்குத்தான் எதுவும் உள்ள போகலங்க. இனிமே எனக்காகத் தேடி அலையாதீங்க."

அதற்குப் பிறகு அக்கரையில் மைக் கேட்டாலும் அப்பா வாசலுக்கு வரவில்லை. அம்மா இன்னும் பல வருடங்கள் இருந்தாள்; எந்தக் குறையும் வைக்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டாள்; அதே மாதிரி இருந்து, அதே மாதிரியே போய்ச் சேர்ந்தாள்.

இப்போது நான் நகரத்துக்குள்ளேயே குடியிருக்கிறேன். நகரத்துக்கே வேறு பெயர் வந்துவிட்டது. அந்த மண்டபத்தை இடித்து ஹோட்டல் கட்டிவிட்டார்கள். ஜெட்டிச் சுவரில் நோட்டீஸ் தேட வேண்டியதில்லை, எங்கே எந்த விழா என்பது கையில் இருக்கும் போனுக்கே வந்துவிடுகிறது, நான்தான் போவதில்லை. அப்பா என்னோடு இருக்கிறார். கண் மங்கிவிட்டது, ஞாபகம் மங்கவில்லை. போன வாரம் பேச்சுவாக்கில், அந்த நாடகத்தின் கதை என்னப்பா, எனக்கு மீசை விழுந்தது மட்டும்தான் ஞாபகமிருக்கிறது என்று கேட்டேன்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் மேடையப் பாக்கவே இல்லையே. உங்கம்மா சிரிக்கிறாளான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

ஒரு தடவைகூடவா சிரிக்கவில்லை என்று கேட்டேன்.

"இல்லம்மா" என்றார்.