நாட்டுக்கு மூன்று இரவு

ஐரோப்பாவின் பல நாடுகளுக்குச் சேர்த்து ஒரே விசா கேட்பவர், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறாரோ அந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாட்கள் என்றால், முதலில் எந்த நாட்டின் எல்லையைக் கடக்கிறாரோ அந்த நாட்டுத் தூதரகத்தில். விதி இவ்வளவுதான். முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகக் கோப்புகளோடு கிடந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இதைவிடத் தெளிவாக எழுதிய விதியை அதிகம் பார்த்ததில்லை. அதை வைத்துக்கொண்டும் ஒரு காரியத்தைக் கெடுக்க முடியும் என்று இந்த வருடம் செய்து பார்த்தேன்.

எங்கள் மகள் ஐரோப்பாவில் வேலை பார்க்கிறாள். மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. சென்ற வருடம் அவளுக்கு வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. என் மனைவி அதைக் கைபேசியில்தான் பார்த்தாள். இந்த வருடம் ஜூலை இரண்டு முதல் பதின்மூன்று வரை மகளுக்கு விடுப்பு கிடைத்தது. "அவ வீட்ல பத்து நாள் கெடந்து, வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டுட்டு வந்தா போதும்" என்றாள் மனைவி. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில் அவளுடைய தம்பி உள்ளே நுழைந்தார். நாற்பது விசைத்தறி ஓட்டுகிறவர். தானும் மனைவியும் கூட வருவதாக அவரே முடிவுசெய்து, ஒரு தாளையும் கொண்டுவந்தார். நாடுகளின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறவர்களும் இருப்பார்கள். மைத்துனர் தாளில் இருந்தபடியே சொல்கிறேன்: கோபுர நாடு, பனி நாடு, படகு நாடு, கடைசியில் மகள் நாடு. பன்னிரண்டு இரவு, நாலு நாடு, நாட்டுக்கு மூன்று.

"அம்புட்டு தூரம் போயிட்டு ஒரே வீட்ல கெடந்துட்டு வரவா? நாளைக்கு நாலு பேரு கேட்டா என்னத்தான் சொல்லுவிய?" என்றார் என்னிடம்.

"ஏலே, மக வீட்டுக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் போய் எறங்குதோம். கடைசி நாளு விடியுமுன்ன கெளம்புதோம்" என்றாள் மனைவி. "நடுவுல ரெண்டு நாளு. அதுலயும் ஒரு நாளு கோட்டைய பாக்கப் போகணும்னு சொல்லுத. மிச்சம் ஒரு நாளுதாம்ல இருக்கு."

"யக்கா, அதான் தெனமும் போன்ல பாக்கியே!"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. அந்தத் தாளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. காலை ஆறு மணிக்குப் பேருந்து, ஓர் அருங்காட்சியகத்துக்கு நாற்பது நிமிடம், மதியம் 'இந்திய உணவு', மாலை 'கடைத்தெருவில் சுதந்திர நேரம்'. பக்கத்தில் இருக்கும் கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலுக்குப் போனாலே அரை நாள் ஆக்குகிற குடும்பம் இது. பனி மலைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள், கம்பி வண்டி ஏறி இறங்குவதையும் சேர்த்து. பார்ப்பதற்காக ஒருவரும் போகவில்லை. பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளப் போகிறோம்.

இதை அன்றே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். என் கண்ணோ வேறொன்றில் போய் நின்றுவிட்டது. நாலு நாட்டிலும் சம இரவுகள். ஆகவே முதல் எல்லை எது என்ற கேள்வி வரும். சென்னையிலிருந்து போகும் விமானம் மகள் நாட்டில் இறங்கும். அங்கே இரண்டு மணி நேரம் காத்திருந்து, வேறு விமானத்தில் கோபுர நாட்டுக்குப் போவோம். வெறுமனே விமானம் மாறுவது எல்லையைக் கடந்ததாகுமா? மனு மகள் நாட்டுத் தூதரகத்துக்கா, கோபுர நாட்டுத் தூதரகத்துக்கா? பல வருடம் கழித்து ஒரு நல்ல கோப்பு கையில் வந்ததுபோல எனக்கு உற்சாகமாக இருந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். 'பார்வை' என்ற இடத்தில் விதியைக் காட்டி, விவரத்தைப் பத்தி பிரித்து எழுதி, தெளிவுரை வேண்டி மகள் நாட்டுத் தூதரகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். அது மார்ச் கடைசி.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருக்கும் டிராவல்ஸ்காரர் கடித நகலை இரண்டு முறை படித்தார்.

"ஸார், இருவது வருசமா இந்தத் தொழில் பாக்குதேன். எம்பஸிக்கு டவுட்டு கேட்டு லெட்டர் போட்ட மொத ஆளு நீங்கதான். விசா கைரேகைக்கு இப்பவே நாள் புடிக்கணும். ஏதாவது ஒண்ணுல போட்டுருவோம்."

"தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு நிராகரிக்கப்படும்" என்றேன்.

"பதில் வார வரைக்கும் நாள் நமக்காவ காத்துக்கிட்டு இருக்காது ஸார்."

ஏப்ரலில் முதல் நினைவூட்டு அனுப்பினேன். பதில் இல்லை. மே முதல் வாரம் ஒரு மாலை, மனைவி மொட்டை மாடியில் வத்தல் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். மகளுக்குக் கொண்டுபோக மூன்று டப்பா வத்தல் ஏற்கெனவே தயாராகியிருந்தது. விரலை மடக்கி எண்ணினாள்.

"படகுல ஒரு ராத்திரிய கொறைச்சு மக வீட்ல கூட்டிட்டா என்ன? அங்கன நாலு ஆயிரும். அப்பொறம் சமம்ங்கிற பேச்சே இல்லல்லா? மக நாட்டுலயே மனு குடுத்துரலாமே."

முழுக்கச் சரி. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், என் இரண்டு கடிதங்களையும் நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். அவளுக்கு வேண்டிய கூடுதல் நாளும் அதிலேயே இருந்தது.

நான் என்ன சொன்னேன்? "கேள்வி நிலுவையில் இருக்கும்போது பாதையை மாற்றக் கூடாது."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. விளக்கம் கேட்டு எழுதிய கோப்பைப் பதில் வரும்வரை தொடாமல் வைப்பது எங்கள் அலுவலக வழக்கம். அதில் மனுதாரர் செத்துப்போனதும் உண்டு. "அது அப்படித்தான்" என்றேன். அவள் எழுந்து போய், ஈரம் போகாத வத்தலைத் திருப்பிப் போட்டாள்.

இரண்டாம் நினைவூட்டு மே பதினைந்தில் போனது. அந்த வாரமே டிராவல்ஸ்காரர் போன் செய்தார். ஜூலைப் பயணத்துக்குத் தோதாகக் கைரேகை கொடுக்க எந்தத் தூதரகத்திலும் நாள் இல்லையாம். மைத்துனர் ஒரு நிமிடம்கூட வருத்தப்படவில்லை. ஜூனிலேயே மனைவியோடு மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றையும் ஏழு நாளில் சுற்றிவிட்டு வந்தார். ஒவ்வொரு படத்திலும் அவர்தான் நின்றார். பின்னால் இருப்பது எந்த நாடு என்று கேட்டால் அவருக்கே சந்தேகம். தெருவில் என்னைக் கண்டால் மட்டும் பைக்கை நிறுத்திக் கேட்பார்: "அத்தான், பதிலு வந்துட்டா?"

மகள் விடுப்பை மாற்றக் கேட்டுப் பார்த்தாள், முடியவில்லை. பன்னிரண்டு நாளும் வீட்டிலேயே இருந்தாள். மனைவி கைபேசியை வத்தல் டப்பாவில் சாய்த்து வைத்துச் சமைத்தாள். "கடுகு வெடிச்சிட்டா? இப்ப போடு" என்பாள். அங்கே மகள் அதையே செய்வாள். ஒரு நாள் மகள் சட்டையை லேசாகத் தூக்கித் தழும்பைக் காட்டினாள். மனைவி திரையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு விரலால் ஒருமுறை தடவினாள். படம் பெரிதாகி, கலங்கிப் போயிற்று. நான் கூடத்துக்குப் போய்விட்டேன்.

பதில் தபாலில்தான் வந்தது, நல்ல உறையில். உள்ளே இரண்டு வாக்கியம். அதிக நாள் தங்கும் நாடு. சம நாட்கள் என்றால் முதலில் எல்லையைக் கடக்கும் நாடு. பார்வையில் நான் காட்டிய விதியை எனக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். விமானம் மாறுவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்படிப்பட்ட பதில்களை நானும் நிறைய எழுதியிருக்கிறேன்.

"என்ன போட்டிருக்கு?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள். சொன்னேன்.

"இதத்தானே நீங்க மொதல்லயே சொன்னிய" என்றாள்.

கை பழகிய வேலை, யோசிக்காமலே செய்தேன். பேனாவை எடுத்துக் கடிதத்தின் மூலையில் 'பெறப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நாட்காட்டியைப் பார்த்துத் தேதியையும் போட்டேன். மகள் வேலைக்குத் திரும்பிய நாள், ஜூலை பதினான்கு.