டாங்கிக்கு வைத்த பொட்டு

என் அண்ணன் கொழும்பில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை செய்தான். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே குண்டு வெடிக்கும்போதெல்லாம் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பையன்களையும் பொலிசும் ஆமியும் அறை அறையாகத் தேடிப் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலாளி பயந்துபோய் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஸ்பிரிங்வெளிப் பக்கம் தோட்டத்தில் இருந்த எங்கள் லயத்து வீட்டுக்கு அவன் கொண்டுவந்தது ஒரு துணிப்பையும், மழையில் நனைந்து விலைபோகாத ஒரு பெட்டியும்தான். பெட்டிக்குள் ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் டாங்கி, துண்டு துண்டாக.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆமிக்குப் பயந்து ஓடிவந்தவன், வந்த இடத்தில் உட்கார்ந்து டாங்கி கட்டுகிறானாம்!

“ஒனக்கு வேற பொம்மையே கெடைக்கலியா?”

“இதுதான் ஓசியில கெடைச்சிச்சு” என்றான்.

பகலில் அப்பாவோடு கவ்வாத்துக்குப் போய்த் தேயிலைச் செடிகளை வெட்டுவான். வந்து கை கழுவியதும் டாங்கிதான். ஒட்டி முடித்ததோடு விட்டானா? புதுசாகப் பளபளக்கிறது, ஓடின வண்டியாகத் தெரியவில்லை என்று ஒரே குறை. துண்டுகளைக் கோத்திருந்த பிளாஸ்டிக் குச்சியைக் குப்பி விளக்கில் காட்டி, மயிரிழையாக இழுத்து ஏரியல் வைத்தான். தீர்ந்துபோன பற்பசை டியூபை வெட்டிப் பக்கத் தகடு செய்தான். சங்கிலிச் சக்கரத்தில் பசை தடவித் தேயிலைத் தூளைத் தூவினான். காய்ந்ததும் அசல் சேறு. கத்தி பிடித்துக் காய்ப்பேறிய அந்த விரல்களுக்கு இவ்வளவு நுணுக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியம். சொன்னால் தலைக்கேறிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு அம்மா சாமிப் படத்தின் முன்னால் கவ்வாத்துக் கத்திகளையும் கொழுந்துக் கூடையையும் என் பாடப் புத்தகங்களையும் வைத்தாள். பிறகு டாங்கியையும் தூக்கி வைத்தாள்.

“அது எதுக்கும்மா?”

“எம்புள்ள கையால செஞ்ச வண்டி. லொறிக்கு வைக்கிறாங்கல்ல?”

டாங்கியின் நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம், சக்கரத்துக்கு முன்னால் ஒரு தேசிக்காய். எல்லாரும் சிரித்தோம். அண்ணன்தான் அதிகம் சிரித்தான்.

பூஜைக்கு வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். அந்த மறுநாள் விடியும்போது பொலிசும் ஆமியும் லயத்தைச் சுற்றிவளைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பையன்கள் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்தவர்கள் சாமிப் படத்தின் முன் அப்படியே நின்றுவிட்டார்கள். வரிசையாகக் கத்திகள், நடுவில் டாங்கி, அதன்மேல் சிவப்பு.

தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் கேட்டார்: “ஆமிட டாங்கிய வச்சி என்ன பூஜ செய்ற நீங்க?”

“எம்புள்ள செஞ்சதுங்க ஐயா” என்றாள் அம்மா, பெருமையாகவே.

அதற்குமேல் அவர்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை. அண்ணனையும் டாங்கியையும் கத்திகளையும் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் வேலைக்குப் போக அப்பாவிடம் கத்தி இல்லை.

ஞாயிறுதோறும் அம்மா சோற்றுப் பார்சலோடு பதுளைப் பொலிசுக்கு பஸ் ஏறினாள். அண்ணனைக் கண்ணில் காட்டவில்லை. பொலிஸ் பெரியவரின் மேசைமேல் இருந்த டாங்கியைத்தான் பார்த்துவிட்டு வருவாள்.

“பொட்டு அழியாம அப்புடியே இருக்கு. அவனுக்கு ஒண்ணும் ஆகாது” என்பாள்.

அந்தப் பொட்டுதானே அவனைப் பிடித்துக் கொடுத்தது என்று எனக்கு நாக்கு நுனிவரை வரும். அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிடுவேன்.

தைப்பொங்கல் கழிந்ததும் அவனை விட்டுவிட்டார்கள். வழக்கும் இல்லை, விளக்கமும் இல்லை. ஒரு மத்தியானம் அண்ணன் வாசலில் நின்றான். கையில் ஒரு பை, பைக்குள் டாங்கி. அம்மா ஓடிப்போய் அவன் முகத்தைத் தடவினாள்.

“என்னடா செஞ்சாங்க?”

“கொழாய ஒடிச்சிட்டாங்கம்மா” என்று டாங்கியை எடுத்து நீட்டினான். பீரங்கிக் குழாய் அடியோடு போயிருந்தது.

“வேற குச்சி வச்சி ஒட்டிரலாம்ண்ணே” என்று பசை டியூபை எடுத்துவந்து கொடுத்தேன். மூடியைத் திருகப் பார்த்தான். முடியவில்லை. இடது கைக்கு மாற்றினான், திரும்ப வலது கைக்கு. வலது கை விரல்கள் மடங்கவே இல்லை.

அம்மா அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு டாங்கியைப் பார்த்தாள். குங்குமம் அழியாமல் அப்படியேதான் இருந்தது.