பச்சைக் கார் நின்ற நாள்

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். அன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து கொட்டிய மழை விட்டு, பகல் இரண்டு மணி போல லேசாக வெயில் எட்டிப் பார்த்தது. பாடசாலை முடிந்து என் பழைய காரில் மலையிறங்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கிறுக்கு உங்களுக்குப் புரியாது. என் அப்பா அரைக் காற்சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த கார் அது. குட்டையாக, உருண்டையாக, கண்ணிரண்டையும் முழித்துக்கொண்டு நிற்கிற மாதிரி விளக்கு வைத்த சின்னப் பச்சைக் கார். எங்கள் பக்கம் ‘மைனர்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். லிந்துலையில் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர் ஒருவரின் கொட்டிலில் அதைக் கண்டுபிடித்தபோது பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. “குஞ்சு பொரிக்கட்டும், பொறகு எடுத்துக்கங்க டீச்சர்” என்றார் அவர். நானும் பொறுத்திருந்து, மூன்று கிழமை கழித்துத்தான் காரை எடுத்து வந்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் என் சனி, ஞாயிறு எல்லாம் அந்தக் காருக்கு அடியில்தான் கழிந்தது. கார்புரேட்டரைக் கழற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். மற்றக் கார்களில் சிக்னல் விளக்கு மினுங்கும் அல்லவா, இதில் திரும்பும்போது கதவோரத்திலிருந்து குட்டிக் கை ஒன்று வெளியே நீளும். அந்தக் கைக்காகக் கண்டியில் பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கினேன். வீட்டுக்கு யாராவது வந்தால், “டீச்சரப் பாக்கணும்னா கொஞ்சம் குனிஞ்சு பாருங்க” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். அந்த மனிதரையே நான் அந்தக் காரின் டிரைவர் சீட்டில் உட்கார விட்டதில்லை.

கார் ஓடத் தொடங்கியதும் எனக்கு அழகு பார்க்கும் ஆசை வந்துவிட்டது. ஹட்டனில் முச்சக்கரவண்டிகளுக்கு சீட் தைக்கும் ஒருவரைப் பிடித்து அரக்குச் சிவப்பில் உறை தைப்பித்தேன். அதே நிறத்தில் கொழும்பிலிருந்து கார்பட் எடுப்பித்து, கொஞ்சம்கூடச் சுருக்கம் தெரியாமல் தரை முழுக்கப் பசை போட்டு ஒட்டினேன். இங்கேதான் என் மூளை வேலை செய்யவில்லை. மைனர் காரில் பிரேக் ஒயில் ஊற்றும் மூடி, டிரைவரின் காலுக்குக் கீழே தரையில் இருக்கிறது. ஒயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதென்றால் கார்பட்டைத் தூக்க வேண்டும். நோர்வூட் கராஜ் பாஸ் அப்போதே சொன்னார், “அந்த எடத்துல மட்டும் ஒரு சதுரம் வெட்டி விட்டுருவோம் டீச்சர், ஒயில் பாக்கத் தோதா இருக்கும்” என்று. எனக்கு வந்ததே கோபம்! இவ்வளவு அழகான கார்பட்டில் ஓட்டை போடுவதா? “நான் பாத்துக்கிறேன் பாஸ்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் பார்த்த இலட்சணத்தைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

அன்று என் பக்கத்தில் எங்கள் பாடசாலை விஞ்ஞான டீச்சர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போக ஹட்டனில் பஸ் பிடிக்க வேண்டும் என்பதால், பெரிய மனசு பண்ணி ஏற்றிக்கொண்டிருந்தேன். கையில் சாப்பாட்டுப் பெட்டி, மடியில் பை, வாயில் ஓயாத கதை. எங்களுக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. கொழுந்துச் சாக்குகளுக்கு மேல் ஆறேழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பகல் வரை பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, கீழ் மலையில் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள்.

ரோடு வளைகிற முதல் முடக்கில் பிரேக்கை மிதித்தேன். கால் மெத்தையில் அழுந்துகிற மாதிரி மெதுவாகப் போய்த் தரையில் முட்டியது. கார் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு தரம் மிதித்தேன். ஒன்றுமில்லை. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றப் பார்த்தேன். அவசரத்தில் கறகற என்று சத்தம்தான் வந்தது, கியர் விழவில்லை. இப்போது பிரேக்கும் இல்லை, கியரும் இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால், அது என் கையோடு மேலே வந்ததே தவிர வேகம் பெரிதாகக் குறையவில்லை. ஒரு பக்கம் மழைத்தண்ணீர் ஓடுகிற, ஆளை விழுங்குகிற ஆழத்தில் கான். மறுபக்கம் சரிந்துகொண்டே போகிற தேயிலை.

“என்னப்பா, கொஞ்சம் மெதுவாப் போங்கோவன்!” என்றார் விஞ்ஞான டீச்சர்.

“பிரேக் இல்ல டீச்சர்.”

“ஐயோ கடவுளே! அப்ப என்னெண்டு நிப்பாட்டப் போறீங்கள்?”

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு! ஹோர்னை அமுக்கிய கையை எடுக்கவில்லை. அவர் கதவுக் கண்ணாடியை இறக்கிப் பாதி உடம்பை வெளியே விட்டு, சாப்பாட்டுப் பெட்டியை ஆட்டி ஆட்டி, “பிரேக் இல்லை!” என்று கத்தினார். லொறியிலிருந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள். டீச்சர்மார் விளையாடுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு ஒருத்தி மட்டும் சட்டென்று எழுந்து நின்று எங்களை உற்றுப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் டிரைவர் தலைக்கு மேலிருந்த கூரையை இரண்டு கையாலும் டமடமவென்று தட்டத் தொடங்கினாள்.

“அண்ணே! பின்னால பச்சைக் காரு பிரேக் இல்லாம வருதுண்ணே! சடார்னு நிப்பாட்டிறாதீங்க, மெல்லமாப் போங்க!”

மற்றவர்களும் சேர்ந்து தட்டினார்கள். அந்த டிரைவர் மட்டும் பயந்துபோய் வேகமாக ஓட்டியிருந்தாலோ, சடாரென்று நிறுத்தியிருந்தாலோ இன்றைக்கு நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மனிதர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, எங்கள் வேகத்துக்கே லொறியை விட்டு, எங்களை மெல்ல நெருங்க விட்டார். லொறியின் பின்னால் தொங்கிய ஸ்பேர் டயரில் என் கார் மூக்கு ‘டொக்’ என்று முட்டியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கியரைக் குறைத்து, எங்களையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டே போய், அடுத்த முடக்குக்கு முன்னாலிருந்த மட்டமான இடத்தில் நிறுத்தினார். நிற்பதற்குள் இரண்டு பெண்கள் குதித்து இறங்கி, ஆளுக்கொரு கல்லைத் தூக்கிவந்து என் காரின் சில்லுக்கு அடியில் வைத்துவிட்டார்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இறங்கியதும் நான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது காரின் முன் கிரிலைத்தான். சின்ன நெளிவுதான். அதற்குப் பிறகுதான் விஞ்ஞான டீச்சரின் ஞாபகமே வந்தது. அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, “நான் இனி உந்தக் காருக்குள்ள கால் வைக்க மாட்டன்” என்று தேயிலைச் செடிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

லொறி டிரைவர் சிங்களவர். ஆனால் அவருடைய தமிழ் எங்கள் தமிழைவிட வேகம். காரைச் சுற்றி வந்து, பின் சில்லின் உட்பக்கம் ஈரத்தைத் தொட்டு மோந்து பார்த்தார். “ஒயில் ஒழுகியிருக்கு டீச்சர். ரொம்ப நாளாவே ஒழுகியிருக்கும். எங்க ஊத்துறது?”

“கார்பட்டுக்கு அடியில.”

“அப்ப கார்பட்டத் தூக்குங்க.”

“ஒட்டியிருக்கு.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் படிப்பிக்கிற பிள்ளைகள் யாரும் அதைப் பார்க்கவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். லொறியில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி ஒன்று கிடந்தது. அதை எடுத்துவந்து என் காருக்குள் குனிந்தார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. “அண்ணே, ஓரம் பிசிறில்லாம வெட்டுங்க. சதுரமா!”

“உயிர் போகப் பாத்தது, உங்களுக்குச் சதுரம் கேக்குதோ?” என்று கல்லிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மூடியைத் திறந்தால் உள்ளே பொட்டு ஒயில் இல்லை. அவர் லொறியில் வைத்திருந்த தன் பிரேக் ஒயில் போத்தலிலிருந்து ஊற்றினார். ஊற்றினால் மட்டும் போதாது, குழாயில் புகுந்த காற்றையும் எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து விட, கீழே ஒருவர் சில்லுக்குப் பின்னாலுள்ள சின்ன ஆணியைத் திறந்து திறந்து மூட வேண்டும். அவர் கீழே படுத்தார். வழிகிற ஒயிலைப் போத்தலில் ஏந்த நான். மிதிக்க ஆள்? விஞ்ஞான டீச்சர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது, கூரையைத் தட்டிய அந்தப் பெண் முன்னால் வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

“நான் மிதிக்கிறேன் டீச்சர்” என்றவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றாள். “செருப்பக் கழட்டணுமா?”

“இல்ல இல்ல, அப்படியே ஏறுங்க” என்றேன். வாய்தான் சொன்னது. என் கண் அவள் இடுப்பில் கட்டியிருந்த ஈரப் படங்குச் சாக்குக்குப் போய்விட்டது. அவள் அதைக் கவனித்துவிட்டாள். படங்கை அவிழ்த்து லொறியில் போட்டுவிட்டு வந்து, சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

“அமத்து!” என்பார் டிரைவர் கீழிருந்து. அவள் மிதிப்பாள். “விடு!” என்பார். விடுவாள். நாலு சில்லுக்கும் அரை மணித்தியாலம் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. நுனியில் இருந்தவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். “அடியே, எங்கடி போற?” என்று வெளியே நின்றவர்கள் கேட்டார்கள். “கொழும்புக்கு! வர்றவுங்க ஏறிக்கங்க!” என்று ஹோர்னை வேறு ஒரு அமுக்கு அமுக்கினாள். ரோடே சிரித்தது.

கடைசியில் பிரேக் காலுக்குக் கீழே கல்லாக நின்றது. நான் கைகூப்பி, “உங்களாலதான் இன்னைக்கி உசுரோட நிக்கிறோம்” என்றேன். அவள் இறங்கி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாகவே சொன்னாள்.

“பிரேக் இருந்தப்பல்லாம் எங்களுக்கு நிக்காத காரு, பிரேக் இல்லாம வந்து நின்னுச்சு பாத்தீங்களா டீச்சர்!”

மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதில் வன்மமே இல்லை. நானும் சிரித்தேன். ஆனால் காது இரண்டும் சுட்டது. ஏனென்றால் அவள் சொன்னது உண்மை. காலையில் நான் மலையேறும்போது, மழையில் நடந்து போகிறவர்கள் பல நாள் கை காட்டியிருக்கிறார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரோட்டை மட்டும் பார்ப்பது போலக் கழுத்தை விறைத்துக்கொண்டு, கொஞ்சம் வேகமாகவே போய்விடுவேன். ஈரப் படங்கோடு ஏறினால் அரக்குச் சிவப்பு சீட் என்னாகும்? கார் சின்னது, பழசு, பாரம் தாங்காது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்வேன். விஞ்ஞான டீச்சரை ஏற்றினேனே, அவர் காய்ந்த சேலையோடு வந்ததால்தான் என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

நோர்வூட் வரை லொறிக்குப் பின்னால் ஊர்ந்தே போனோம். போனோம் என்ன, போனேன். விஞ்ஞான டீச்சர் சொன்ன சொல் மாறாமல் லொறியில் ஏறி, கொழுந்துச் சாக்கின் மேல் அந்தப் பெண்களுக்கு நடுவில் மகாராணி போல உட்கார்ந்து வந்தார். நோர்வூட்டில் அவருக்கு ஹட்டன் பஸ்ஸும் கிடைத்துவிட்டது. கராஜ் பாஸ் கார்பட்டில் இருந்த சதுரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீசைக்குள் சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார்.

அடுத்த கிழமை ஒரு காலையில் நல்ல மழை. கை காட்டுவதற்கு முன்பே நிறுத்தினேன். அதே பெண் தலையை உள்ளே விட்டு, “இன்னைக்கிப் பிரேக் இருக்கா டீச்சர்?” என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினாள். கூட மூன்று பேர், படங்கோடு, கூடையோடு. மைனர் முக்கி முனகி ஏறியது. ஆனால் ஏறியது. இப்போது சீட்டில் தேயிலைக் கறை இருக்கிறது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை, விட்டுவிட்டேன்.

ஒரு விஷயம்தான் இன்னும் என்னை விடமாட்டேன் என்கிறது. அந்தப் பச்சைக் கார் யாருடையது என்று லொறி மேல் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மழையில் தங்களைக் கண்டும் காணாமல் போகிற கார் அதுதான் என்று நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்தக் கூரையை அப்படித் தட்டினார்கள்.