கடல் கீறாமல் விட்ட உடம்பு

இனோசிக்கு உடம்பெல்லாம் தழும்பு. ரக்பியில் இரண்டு தடவை முறிந்த தோளெலும்பு, தொடையில் காட்டுப்பன்றி கிழித்த கோடு, குதிரை தள்ளிவிட்டதில் போன முன்பல். முரட்டு ஜென்மம். வனுவா லெவு தீவின் அந்தக் கரையில் அவன் ஆடாத ஆட்டமில்லை.

எல்லாவற்றையும் நிறுத்தவைத்தவள் மனைவி லவேனியா. பக்கத்து ஊர் ஆட்டக்காரன் ஒருவன் ரக்பியில் கழுத்து ஒடிந்து செத்த அன்றே சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்புறம்தான் கடலட்டை வியாபாரி, மூழ்கி அள்ளிவர ஆள் தேடி, காற்றுச் சிலிண்டர்களோடு வந்து இறங்கினான். பயிற்சி என்று பத்து நிமிஷம், அவ்வளவே. கடலடியில் கொம்பில்லை, குளம்பில்லை, எவனும் மேலே வந்து விழுவதில்லை என்றான் இனோசி. அவளும் தலையாட்டினாள். மூன்று வருஷம் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்தான். பிறகு ஏன் சந்தேகப்படப் போகிறாள்?

அந்த வெள்ளிக்கிழமை முப்பத்தைந்து மீட்டர் ஆழத்துக்கு ஆறு முறை இறங்கி ஏறினான். சாயங்காலம் யங்கோனா கிண்ணத்தைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். அந்த வேர்ச்சாறு நாக்கை மரக்கவைக்கும். அதிகமானால் காலும் தள்ளாடும். இரண்டாவது கிண்ணத்திலேயே இனோசிக்கு இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. எழப் பார்த்தான், முடியவில்லை.

எதிரே இருந்த சாமிசோனி அவனுக்கு மச்சான் முறை. அங்கே மச்சானைக் கிண்டல் செய்யாமல் விட்டால்தான் குற்றம்.

"ரெண்டு கிண்ணத்துக்கே மடங்கிட்டியா மச்சான்? இவனத் தூக்கிட்டுப் போய்ப் பொம்பளைங்க பக்கம் உக்கார வைங்கப்பா."

ஒரே சிரிப்பு. சும்மா இருந்தானா பாவி? மானம் போகிறதே என்று இன்னும் எட்டுக் கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டு அங்கேயே பாயில் சாய்ந்தான். போதையில் கிடக்கிறான் என்று லவேனியாவும் போர்வை போட்டுவிட்டுப் போனாள்.

விடிந்தும் காலில் உணர்ச்சி வரவில்லை. சிறுநீரும் இறங்கவில்லை. படகு, பஸ், கப்பல் என்று மாறி மாறி, தலைநகர் சூவாவில் கடலில் மூழ்குபவர்களுக்கென்று இருக்கும் காற்றழுத்த அறைக்குக் கொண்டுசேர்த்தபோது திங்கட்கிழமை. மரத்தது எப்போது என்று டாக்டரம்மா கேட்டார். வெள்ளிக்கிழமையே என்ற சாமிசோனி, யங்கோனாதான் என்று நினைத்தோம் என்று சொல்லி முடிக்குமுன் உடைந்து அழுதான். ஆழத்திலிருந்து திரும்பத் திரும்ப வேகமாக ஏறியதில் ரத்தத்தில் கிளம்பிய காற்றுக்குமிழி தண்டுவடத்தைக் கெடுத்துவிட்டதாம். அன்றைக்கே வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா அதோடு நிறுத்திக்கொண்டார்.

"நான்தான் கெடுத்தேன்," என்றாள் லவேனியா. "பன்னி கிழிச்சப்ப ரத்தத்தப் பாத்து ஓடினோம். எலும்பு முறிஞ்சப்ப அலறினான், ஓடினோம். இதுல பாக்க ஒண்ணுமே இல்லையே."

பதினோரு முறை அறைக்குள் வைத்து எடுத்தார்கள். இனிப் பயனில்லை என்று அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, அவன் காலடியில் உட்கார்ந்து எண்ணெய்ப் புட்டியைத் திறந்தாள். கண்ணை மூடிக் கிடந்த இனோசி அவளுக்காகச் சிரித்தான்.

"இப்ப நல்லாத் தெரியுது. மெதுவா அமுக்கு, வலிக்குது."

அவள் இன்னும் தொடவே இல்லை.

"சரிய்யா, மெதுவாவே அமுக்குறேன்," என்றாள்.