சட்டைப் பையில் இருந்த ரோட்டர்

என் மனைவி ஸ்டெல்லாவின் வலது கையும் பேச்சும் போனதற்கு நான்தான் காரணம். என் மருமகன் டேவிட் அல்ல. இதை நீலசந்திராவில் எங்கள் சந்தில் யாரிடமும் நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது என்பதால்தான்!

கோயிலில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன்தான் நான். கோபப்பட்டேன், புறம் பேசினேன் என்று சில்லறைப் பாவங்களை ஒப்பித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். சாமியார் நல்லவர். ஆனால் டேவிட் பாடகர் குழுவில் பாடுகிறவன். பூசை முடிந்ததும் இருவரும் வெகுநேரம் சிரித்துப் பேசுவார்கள். சாமியார் வாய் திறக்கமாட்டார், தெரியும். முகம்? முகத்தில் தெரிந்துவிட்டால்?

பாருங்கள், என் புத்தி இப்படித்தான். யாரைப் பார்த்தாலும் இவன் எதற்கு வருகிறான் என்றுதான் முதலில் தோன்றும்.

சந்தேகமே இல்லாமல் நான் நம்பியது ஒன்றைத்தான். பத்மினி கார். கிளார்க் வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து வேறு வண்டியைத் தொட்டதில்லை. இப்போது வாசலில் நிற்பது மூன்றாவது பத்மினி. மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ஏசி வண்டி அனுப்பினார்கள். நான் ஏறவில்லை! பெண்ணைப் பெற்றவன், அந்த வண்டிக்குப் பின்னாலேயே என் பத்மினியில் போனேன். ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டுப்புடவை வேர்வையில் நனைய, வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பெருமை. “சாவியைத் தொட்டா போதும், பிடிச்சுக்கும்!” என்பேன். டேவிட்டிடமும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த வாயை என்ன செய்வது...

டேவிட்டுக்குப் பொம்மசந்திராவில் ஒரு பாக்டரியில் வேலை. என் மகளோடு எங்கள் மாடியில் குடியிருக்கிறான். ஒரு நாள் மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் காரின் பானட்டைத் திறந்து வைத்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எஞ்சினை எடுத்தான், நம்பரை எடுத்தான். பிறகு யாரிடமோ கன்னடத்தில் பேசினான்: “ஹௌது சார், எல்லா ஒரிஜினல். மாமாங்கெ கொத்தில்ல.”

ஆமாம் சார், எல்லாம் ஒரிஜினல், மாமாவுக்குத் தெரியாது என்கிறான்! பழைய கார்களைத் தேடி வாங்குகிற பணக்காரர்கள் இந்த ஊரில் நிறைய. விலை பேசிவிட்டான், ஒரு நாள் வந்து பார்த்தால் வாசல் காலியாக இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டேனா? இல்லை.

மாற்றுச் சாவி ஒன்று அவனிடம் இருந்தது. ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஸ்டெல்லாதான் கொடுத்திருந்தாள். அதைத் திருப்பிக் கேட்டால் வீட்டில் பூகம்பம். அதனால் பழைய வண்டிக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு தந்திரம் செய்தேன். எஞ்சின் பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று உண்டு. அதன் மூடிக்குள்ளே, கட்டைவிரல் அளவில் ரோட்டர் என்றொரு துண்டு. அதை உருவிவிட்டால் சாவி போட்டாலும் செல்ப் சும்மா சுற்றும், வண்டி கிளம்பாது. நான் காரில்லாமல் வெளியே போகும்போதெல்லாம் அதை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டெல்லாவிடம்கூட!

அந்த ஞாயிற்றுக்கிழமை டேவிட் இரவு ஷிப்ட் முடிந்து மாடியில் தூங்க, நான் மட்டும் ரோட்டரை உருவிக்கொண்டு பூசைக்கு நடந்தே போனேன். முடிந்ததும் மீன் கடையில் நின்று ஆற அமர பேரம் பேசினேன். கோயிலில் சத்தத்தை நிறுத்திய போன் அப்படியே கிடந்தது. எடுத்துப் பார்த்தால், திரை நிறைய டேவிட்டின் அழைப்புகள்!

ஓடினேன். சந்து முனையில் அக்கம்பக்கத்தார் என் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முன் சீட்டில் ஸ்டெல்லா சாய்ந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

“மாமா! அத்தைக்கு பேச்சே வரல. செல்ப் சுத்துது, வண்டி பிடிக்கவே மாட்டேங்குது. நான்தான் சோக்கை ஜாஸ்தி இழுத்துட்டேன் போல, ஒரே பெட்ரோல் நாத்தம்” என்று டேவிட் அலறினான். “புக் பண்ண ஆட்டோ எல்லாம் கேன்சல். இது எப்படியும் ஸ்டார்ட் ஆயிடும்னு நம்பி இங்கயே நின்னுட்டேன் மாமா...”

அப்போது சொல்லியிருக்கலாம். பையிலிருந்து எடுத்துக் காட்டி, இதோ இருக்கிறது, நான் ஒரு மடையன் என்று கத்தியிருக்கலாம். அத்தனை பேர் நின்றார்கள்... நான் சொல்லவில்லை.

“நகரு, நான் பாக்கறேன்” என்றேன். பானட்டைத் திறந்தேன். எல்லாருக்கும் முதுகைக் காட்டிக் குனிந்து, ரோட்டரை அதன் இடத்தில் அழுத்தி மூடினேன். நிமிரும்போது பானட்டின் இடுக்கு வழியாக ஸ்டெல்லாவின் கண்கள் தெரிந்தன. என் கையைப் பார்த்தாளா? வெறுமனே திறந்திருந்தனவா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது.

“சார் கை பட்டாத்தான் அது கேக்கும்!” என்றார் எதிர்வீட்டுக்காரர். உங்களிடம் மறைப்பானேன்... அந்த ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது! மனைவி வாய் கோணிக் கிடக்கிறாள், எனக்குப் பெருமை!

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒன்றுதான் சொன்னார். “இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமே.” டேவிட் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். “என்னாலதான் மாமா, எல்லாம் என்னாலதான்.” நான் அவன் தோளைத் தொட்டேன். “விடு மாப்ள. பழைய வண்டி, உனக்குப் பழக்கமில்ல” என்றேன். அவனை மன்னித்தேன்! நான்... அவனை!

இப்போது என் மகள் சண்டை வந்தால் எடுக்கிற முதல் கத்தி அதுதான். “ஒரு காரை ஸ்டார்ட் பண்ணத் தெரியல உனக்கு, பேச வந்துட்டே.” அவன் தலையைக் குனிந்துகொண்டு மாடிக்குப் போய்விடுகிறான். நான் பேப்பர் படிக்கிறேன்.

எதற்குப் படம் எடுத்தான்? நான் கேட்கவே இல்லை. கார் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. யாரும் வந்து விலை கேட்கவில்லை. அவன் கெட்டவனாகவே இருந்துவிடட்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன், தெரியுமா?

ஷிப்ட் முடிந்து வந்ததும் அவன் ஸ்டெல்லாவின் நாற்காலிக்கு எதிரே உட்காருகிறான். பேச்சுப் பயிற்சி டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு சொல்லாக அவளைச் சொல்ல வைக்கிறான். அவளுக்கு வார்த்தைகள் திரும்பி வருகின்றன. வீடே சந்தோஷப்படுகிறது. நான் மட்டும்... என் மனைவிக்குப் பேச்சு வரக்கூடாதென்று நினைக்கிறேன். சொல்லிவிட்டேன்.

நேற்று மாலை “தண்ணி” என்றாள். “டேவிட்” என்றாள். அவன் கைதட்டினான். பிறகு அவள் இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினாள். “இவ... இவரு...” என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

நான் எழுந்து போய்த் துண்டால் அவள் வாயைத் துடைத்தேன். “போதும் ஸ்டெல்லா, களைச்சுப் போயிட்டே.”

“பேச விடுங்க மாமா, நல்லா வருது” என்றான் டேவிட்.

அவள் வாயில் துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் துண்டை நான் எடுக்கவில்லை.