‘டா’ போடாத அப்பா

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டலில் வேண்டுமென்றே பாதித் தோசையை மிச்சம் வைத்தேன். பசி இருந்தது. தோசையும் நல்ல முறுகல். பின் ஏன்?

அப்பாவுக்குக் கோபம் வர வேண்டும் என்றுதான்!

அப்பா உப்பிலியபுரத்துப் பக்கம் விவசாயி. கைநாட்டு. நான் திருச்சியில் ஒரு காலேஜில் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் தனியாக ஒரு ரூம். வேலையில் சேர்ந்த நாளோடு அப்பா என்னை ‘டா’ போடுவதை நிறுத்திவிட்டார். ‘வாங்க தம்பி’, ‘சாப்பிட்டீங்களா தம்பி’ - பெற்ற மகனிடம்! படித்தவனுக்கு எங்கள் பக்கத்தில் அப்படியொரு மரியாதை. வண்டி மாட்டுக்கு இன்னும் ‘டேய்’ உண்டு. எனக்குத்தான் இல்லை.

மேல்நாட்டில் இப்போது ஒரு பேச்சு. சொல்லுக்கு அர்த்தம் அகராதியில் இல்லையாம். அது புழங்கும் இடத்தில் இருக்கிறதாம். ‘நான்’ என்று ஒருவன் முன்னாலேயே தயாராக உட்கார்ந்திருந்து, பிறகு வாயைத் திறப்பதில்லை. யாராவது அவனைக் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் ‘நான்’ ஆகிறான். இதை வகுப்பில் நடத்தியபோது பையன்கள் மும்முரமாக எழுதிக்கொண்டார்கள். நான் என்னைக் கூப்பிடுகிறவர்களை எண்ணிப் பார்த்தேன். வீட்டுக்காரருக்கு நான் ‘மிஸ்டர்’. பையன்களுக்கு ‘சார்’. அப்பாவுக்கும் ‘தம்பி’ என்றால், அவர் ‘டா’ போட்ட அந்தப் பழைய பயல் எங்கே போவான்?

ஞாயிறன்று அப்பா வந்தார். ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன்.

“நீங்க மொதல்ல உக்காருங்க தம்பி.”

“நீ உக்காருப்பா.”

கேட்டவர்களுக்கு யார் அப்பா என்றே சந்தேகம் வந்திருக்கும்!

சின்ன வயதில் சோற்றை மிச்சம் வைத்தால் முதுகில் விழும். “ஏண்டா, வெளைய வெச்சவன் என்ன கேணையனா?” என்பார். அதை நம்பித்தான் இலையை மடித்தேன்.

அப்பா இலையைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு திறந்தது. வருகிறது... வருகிறது...

“ஒடம்புக்கு முடியலீங்களா தம்பி?”

தோற்றேன்.

ஊருக்குத் திரும்ப அப்பாவைத் துறையூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். “வரட்டுங்களா தம்பி, நேரத்துக்குச் சாப்பிடுங்க” என்றார். தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். ஆனால் ஜன்னலுக்குக் கீழேயே கொஞ்சம் பின்னால் நின்றிருந்தேன். பக்கத்து சீட்காரர் கேட்டது காதில் விழுந்தது.

“யாருங்க, மகனா?”

நான் போய்விட்டேன் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். பொரிந்து தள்ளிவிட்டார்.

“எம் மவன்தாங்க. காலேஜு வாத்தியாரு. இருந்து என்னா? பாதித் தோசைய வெச்சிட்டு எந்திரிக்கிறான், திமிரு புடிச்ச பய! முதுகுல ரெண்டு வெச்சாத்தான் சரிப்படுவான்.”

“அப்பா!” என்று கத்தினேன். அவர் திரும்புவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அந்தப் பயல் சாகவில்லை ஐயா... ஆனால் அவனைத் திட்டுவதைக் கேட்க, இனி யாரோ ஒருவனாக டிக்கெட் எடுத்து அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில்தான் நான் உட்கார வேண்டும்!