பாட்டத்துக்கு எடுத்த தோட்டம்

போன வாரம் என் களஞ்சியத்தைப் பூட்டிவிட்டார்கள். பதற வேண்டாம், கைப்பேசிக்குள் இருக்கும் களஞ்சியம்தான். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வேலை முடிந்து பேருந்தில் திரும்பும்போது ஒரு விவசாய விளையாட்டு ஆடுவேன். விதைப்பது, தண்ணீர் பாய்ச்சுவது, மாடு கறப்பது. இதுவரை எல்லோரும் சும்மா பயன்படுத்திவந்த களஞ்சியம், புதிய பதிப்பு வந்ததும் மாதச் சந்தாவுக்குள் போய்விட்டது. சந்தா கட்டினால் என்னென்ன கிடைக்கும் என்று ஒரு பட்டியல் வந்தது. பட்டியல் என்றால் எனக்கு உயிர், முழுவதும் படித்தேன். களஞ்சியம், மழை முன்னறிவிப்பு, நாய்க்கு விருப்பப்பட்ட பெயர். நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குக்கூடக் கட்டணம்.

கட்டிவிட்டேன். திட்டிக்கொண்டேதான் கட்டினேன். அந்த நேரம் பார்த்து முன் இருக்கையில் யாரோ வேகவைத்த நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். உப்பும் ஈர மண்ணும் கலந்த அந்த வாசனை வந்ததும், இது எனக்கு முதல் சந்தா அல்ல என்பது நினைவுக்கு வந்தது. முதல் சந்தாவை நான் நிலக்கடலையாகக் கட்டினேன். வாங்கிக்கொண்டவள் ரசியா.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளப் பக்கத்தில் எங்கள் காடு, அதாவது விவசாய நிலம். காட்டைத் தாண்டினால் சாலை, சாலையோரம் ரசியாவின் அத்தா நடத்திய மின்சாமான் கடை, கடைக்குப் பின்னால் அவர்கள் வீடு. நானும் அவளும் ஒரே வகுப்பு. அவளுடைய மாமா துபாயிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி அனுப்பியிருந்தார். கையில் பிடித்து ஆடும் கருவியை நாங்கள் ரிமோட் என்றுதான் சொல்வோம், அதன் சரியான பெயர் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெட்டியில் எங்களுக்குப் பிடித்தது, கேலி செய்யாதீர்கள், ஒரு விவசாய விளையாட்டு. அப்பாவுக்கு அது தாங்கவே முடியவில்லை.

"ஏனம்மிணி, கட்டுத்தறியில நிக்கற நெச மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னா காலு வலிக்குதுங்கற. அங்க போயி பொட்டிக்குள்ள மாடு மேய்க்கறயாக்கும்?"

அப்பாவின் மாடு உதைக்கும், பெட்டிக்குள் இருக்கும் மாடு உதைக்காது. இதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் தம் பங்குக்குப் பழிவாங்கிவிடுவார். அவர் போர் மோட்டாரைப் போட்டதும் ரசியா வீட்டுத் தொலைக்காட்சியில் படம் சுருங்கும், பெட்டி அணைந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். "உங்கப்பாவ மோட்டார நிறுத்தச் சொல்லுடீ" என்று ரசியா கத்துவாள். வளர்த்த பயிரெல்லாம் போயிருக்கும்.

அதனால்தான் மெமரி கார்டு வந்த நாள் எங்களுக்கு அவ்வளவு பெரிய நாளாக இருந்தது. தீப்பெட்டியை விடச் சிறியது, கறுப்பு நிறம். அதைச் செருகிவிட்டால் தோட்டம் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும். எனக்கும் ஒரு தோட்டம் வேண்டும் என்றேன். ரசியா வியாபாரி மகள் இல்லையா, கார்டைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"கார்டு என்னோடது. உன் தோட்டம் இதுல இருக்கோணும்னா பாட்டம் குடுக்கோணும்."

"எவ்வளவு?"

"வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம ஒரு மடி கடலைக்கா."

பாட்டம் என்றால் எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். நிலம் ஒருவருடையது, உழுவது இன்னொருவர், விளைச்சலில் ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு. எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, பாட்டத்துக்கு விட்டிருந்த ஆற்றோர நிலம், நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தபோது உழுதவர்களுக்கே சொந்தமாகிவிட்டது. அந்த வருத்தத்தை எங்கள் வீட்டில் இன்றும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுவார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் ஒரு மின்சாமான் கடைக்காரர் மகளிடம் பாட்டக்காரியானேன். வெட்கமே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் பாவாடை மடியில் கடலையைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்தேன். கடலை இல்லாத காலத்தில் மாங்காய், அதுவும் இல்லாதபோது புளியம்பிஞ்சு. ரசியா எதையும் வேண்டாம் என்றதில்லை. எனக்கு அது பிடித்தும் இருந்தது. கொடுக்கிறேன், ஆகவே எனக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது.

கோடை விடுமுறையில் நஸ்ரீன் வந்தாள். பெட்டி அனுப்பிய துபாய் மாமாவின் மகள், கோயம்புத்தூரில் படிப்பவள். வந்த அன்றே கார்டில் மூன்றாவதாக ஒரு தோட்டம் முளைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மடியை அவிழ்த்துக்கொண்டே கேட்டேன்.

"நஸ்ரீன் என்ன பாட்டம் குடுக்கறா?"

ரசியா கடலையை உரித்து வாயில் போட்டாள். "அவ எங்க சொந்தம்டீ. பொட்டியே அவங்க அத்தா அனுப்புனது. சொந்தக்காரங்ககிட்டப் போயி யாராச்சும் பாட்டம் வாங்குவாங்களா?"

நான் உரித்த கடலையை நஸ்ரீனும் எடுத்துத் தின்றாள். "உங்க காட்டுக் கடலை நல்லா இருக்குது" என்றாள். நல்ல பெண்தான், அதுதான் பிரச்சினையே. வெறுப்பதற்குக் காரணங்களை நானே தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. பூட்டுப் போட்ட பென்சில் பெட்டி வைத்திருந்தாள். ரசியாவை 'ரசி' என்று கூப்பிட்டாள், எனக்கு அந்தப் பெயர் தோன்றவே இல்லை. ரசியாவின் கட்டிலில் அவளுக்கென்று ஒரு தலையணை கிடந்தது. என் பாயோ வீட்டுக்குப் புறப்படும்போது சுருட்டி வைக்கப்படும் பாய். இலவசமாக இருப்பது எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே அடுத்த வாரமும் கடலை கொண்டுபோனேன்.

விடுமுறை முடிவதற்குள் துபாயிலிருந்து கார்ப் பந்தய விளையாட்டு ஒன்று வந்தது. கார்டில் அதற்கு இடம் போதவில்லை. மூன்று தோட்டங்களில் ஒன்றை அழித்தாக வேண்டும். ரிமோட் ரசியாவின் கையில். திரையில் மூன்று பெயர்கள் வரிசையாக நின்றன. என் தோட்டத்தில் மூன்று மாடுகள் இருந்தன. அவற்றுக்காகக் கூட இல்லை. அந்த வரிசையில் என் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"இவளோடத அழிச்சரு, ரசி" என்றாள் நஸ்ரீன், சாதாரணமாக. "இவ பக்கத்து ஊடுதான, மறுபடி மொதல்லேர்ந்து வெளையாடிக்குவா. நான் ஊருக்குப் போயிருவன்ல?"

ரசியா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "அது முடியாது. அவ பாட்டம் குடுத்திருக்கறா. அவளோடதத் தொடப்படாது."

கதவருகே ஒயர்ச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்த அவளுடைய அத்தா சிரித்துவிட்டார். "பாட்டக்காரங்கள எறக்க முடியாதும்மா நஸ்ரீனு. இது கேரளமாக்கும். வேணும்னா இவுங்க அப்பாருகிட்டக் கேட்டுப் பாரு."

ரசியா பொத்தானை அழுத்தினாள். நஸ்ரீனின் பெயர் போயிற்று.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். நஸ்ரீன் ஓவென்று அழ ஆரம்பித்தாள். ரசியா ரிமோட்டை வைத்துவிட்டு அவளை இழுத்துக் கட்டிலில் பக்கத்தில் உட்காரவைத்தாள். "அழுவாதடீ. என் தோட்டத்துலயே ரெண்டு பேரும் வெளையாடலாம். நமக்குள்ள உன்னுது என்னுதுன்னு என்ன இருக்குது?"

அப்புறம் ஒரே ரிமோட்டை இருவரும் பிடித்துக்கொண்டார்கள். இடப்பக்கப் பொத்தான்கள் அவளுக்கு, வலப்பக்கம் இவளுக்கு. ஒருத்தி நடத்த, மற்றவள் தண்ணீர் ஊற்றினாள். செடிக்குப் பதில் கோழியின் மேல் தண்ணீர் விழுந்தது. இருவரும் உருண்டு சிரித்தார்கள். என்னிடம் அப்படி ஒரு பாதி ரிமோட்டை ரசியா ஒருநாளும் நீட்டியதில்லை. என் முறை வந்தபோது முழு ரிமோட்டையும் தந்தாள். என் தோட்டம் அங்குலம் பிசகாமல் இருந்தது. மூன்று மாடுகளையும் கறந்தேன், பயிருக்கு நீர் விட்டேன், பத்திரமாகச் சேமித்தேன். பின்னால் கட்டிலில் அவர்கள் ஏதோ குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். என்னுடையதை அழித்துவிட்டு அந்தக் கட்டிலில் எனக்கு இடம் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. மாடுகளைக்கூட நானே ஓட்டிவிட்டிருப்பேன்.

விடுமுறை முடிந்ததும் நஸ்ரீன் ஊருக்குப் போனாள், நான் பாட்டம் கொடுத்துக்கொண்டிருந்தேன். உயர்நிலைப் பள்ளி வந்ததும் பெட்டியை நாங்களே மறந்தோம்.

அந்தச் சாலையில் இப்போது பலவும் இல்லை. மின்சாமான் கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. எங்கள் காட்டில் கடலை போடுவதை அப்பா நிறுத்திவிட்டார், எல்லாம் தென்னை. ரசியாவும் நஸ்ரீனும் ஷார்ஜாவில் எதிரெதிர் குடியிருப்புகளில் இருக்கிறார்கள், அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் விளையாடும் விளையாட்டில் எந்த நேரமும் எதையும் நீக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று நிபந்தனைகளில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். மாதாமாதம் கட்டினாலும் அப்படித்தான். தொடப்படாது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

சென்ற ஆண்டு வீட்டை விற்பதற்காக ரசியா வந்திருந்தாள். பாலக்காட்டில் ஒரு கடையில் பிரியாணி சாப்பிட்டோம். நான் பணம் கொடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

"எங்கிட்ட என்னடீ கணக்கு? நீ எங்க சொந்தந்தான."

எத்தனை வெள்ளிக்கிழமை காத்திருந்த சொல். காது குளிர்ந்து போயிற்று. அந்தச் சந்தோஷத்தில், சும்மா ஒரு பேச்சுக்கு, மெமரி கார்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அட, அதுவா? ஊட்டக் காலி பண்ணறப்ப பழைய ஒயரோட சேத்து இரும்புக்காரருக்குப் போட்டுட்டேன்டீ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், நானும் சிரித்தேன். பாட்டக்காரியாகவே இருந்திருந்தால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பாள்.